நான் நம்பாத தலைவலி

நான்காம் மேஜைக்காரிக்கு,

நேற்று ஆயுத பூஜை. நம் செக்ஷனுக்குள் புகை போடக்கூடாது என்று கன்னடத்தில் எழுதி மாட்டியிருக்கிற பலகை உனக்கு நினைவிருக்கும். வருஷத்தில் ஒருநாள் அந்தப் பலகைக்கே சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திச் சரம் தொங்கவிட்டு, அதற்குக் கீழேயே சாம்பிராணி போடுவார்கள். நேற்றும் போட்டார்கள். புகை முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் என் கால் தானாக நான்காம் மேஜைக்குப் போய்விட்டது. பக்கத்து ஜன்னலைத் திறந்தும் விட்டேன். இப்போது அந்த மேஜையில் உட்காருகிற பெண், "ஏன் மேடம், ஏசி ஓடுதே?" என்றாள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். சாம்பிராணி அவளுக்கு ஒன்றும் செய்யாது. உனக்குத்தான் ஆகாது.

நீ போய் ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. உன் தம்பி போனில் அதைச் சொன்னபோது நான் முதலில் கேட்டது "நிஜமாவா?" என்றுதான். அழுதுகொண்டிருக்கிற பையனிடம் ஆதாரம் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நிஜம்தான்க்கா" என்று இன்னொரு தடவை சொன்னான்.

என் பிழைப்பே சந்தேகம்தான் என்று உனக்குத் தெரியும். பொம்மசந்திரா கம்பெனியில் நாம் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்கு வந்ததில்லை. உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒரு சர்க்யூட் போர்டு வரும். சுற்றிலும் வளையமாக விளக்கு எரிகிற பூதக்கண்ணாடிக்கு அடியில் அதை வைத்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, ஒரு பாகத்தின் கால் அடுத்த காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். நல்ல போர்டு என்று ஒன்று கிடையாது. நான் இன்னும் குறை கண்டுபிடிக்காத போர்டு என்றுதான் உண்டு. பதினாறு வருஷமாக இப்படியே பார்க்கிற கண் வீட்டுக்குப் போனால் மட்டும் மாறிவிடுமா? பாலை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரி போய் வந்தால் சட்டைப்பையில் பஸ் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பேன். "உன்னை போலீஸ்ல எடுத்திருந்தா நாட்ல பாதிப்பேரு உள்ளே இருப்பான்" என்பார் அவர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

நீ அல்சூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவள். வந்த முதல் வாரமே என் டிபன் பாக்ஸை உரிமையோடு திறந்து, "இன்னாடி இது, உங்க ஊர்ல காரமே கிடையாதா?" என்று கேட்டாய். நான் சுலபத்தில் யாரோடும் ஒட்டுகிற ஆள் இல்லை. உன்னோடு ஒட்டிவிட்டேன். ஆனால் ஒட்டியதற்காகச் சந்தேகப்படாமல் இருந்துவிடவில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூஜையில் எல்லாரும் கும்பிட்டபடி நிற்கையில் நீ மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாய். சைக்கிள் ஷெட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டாய். "அவங்க வேற சாமி" என்றாள் ஒருத்தி. "கழுவித் துடைக்கிற வேலைக்குப் பயந்து போறா" என்றாள் இன்னொருத்தி. நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மனசுக்குள் குறித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

மறுநாள் தலை வாரி, பளிச்சென்று பொட்டு வைத்து வந்து நின்றாய். "நேத்து செத்துப் பொழச்சேன்டி. இடது பக்கம் மட்டும் யாரோ உள்ள குந்திகினு இடிக்கிற மாதிரி" என்றாய். சொல்லிவிட்டு என் மாங்காய் ஊறுகாயில் பாதியைக் காலி செய்தாய். செத்துப் பிழைத்தவள் ஊறுகாய் கேட்பாளா என்று எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கை ஒடிந்தால் மாவுக்கட்டு இருக்கும். தலைவலிக்கு என்ன சாட்சி? வலிக்கிறது என்று நீ சொல்கிறாய், அவ்வளவுதான். அதுவும் பாதித் தலையில் மட்டும் வலி, மீதிப் பாதி சும்மா இருக்கிறது என்றால் எந்த இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்வாள்?

மாதத்தில் எட்டு ஒன்பது நாள் அது வந்தது. சில நாள் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொள்வாய். சில நாள் பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டு வருவாய். இரண்டு மூன்று நாள் வேலைக்கே வர மாட்டாய்.

இதற்கிடையில் நான் லைன் லீடர் ஆகிவிட்டேன். ஃப்ளோரில் மற்றவர்கள் முன்னால் நீ என்னை "மேடம்" என்று நீட்டி முழக்கிக் கூப்பிடுவாய். யாரும் இல்லாதபோது பழையபடி "டீ". நீ இன்னமும் கான்ட்ராக்ட்தான். பதினோரு மாதம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள், கூப்பிடாமலும் போவார்கள். அந்தப் பத்து நாளும் நீ போனைக் கையிலிருந்து கீழே வைக்காமல் சுற்றுவாய் என்று உன் தம்பி சொல்லியிருக்கிறான். பெர்மனென்ட் ஆவது ஒன்றுதான் உன் ஆசை. வேறு ஒன்றும் நீ கேட்டதில்லை.

நம் செக்ஷனிலிருந்து இரண்டு பேரைப் பெர்மனென்ட் பண்ணப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கன்னடக்கார மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நாலாம் டேபிள் அம்மா வேலைல சூப்பரு. ஆனா ரஜா ஜாஸ்தி, லீவு போட்டுட்டே இருக்காங்க. அவங்க தலெநோவு நிஜமா, நாட்டகமா? நீங்க ஃப்ரெண்டு, உங்களுக்குத்தான் தெரியும். பாத்து சொல்லுங்க" என்றார். ஃப்ரெண்டு என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குக் குத்தியது. தோழிக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக்கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

போர்டுக்கு எழுதுகிற மாதிரியே உனக்கும் எழுதினேன். தேதி, குறை, நேரில் பார்த்தது. தமிழில்தான். நீ கன்னட மீடியத்தில் படித்தவள். பேசுகிற தமிழில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, எழுத்து என்று வந்தால் கடைப் பலகையைக்கூடக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய். அந்தத் தைரியத்தில் நோட்டை என் மேஜையிலேயே போட்டு வைத்திருந்தேன்.

என்ன எழுதினேன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். "செவ்வாய். காலையிலிருந்து கொட்டாவி. டீ நேரத்துக்குள் பன்னிரண்டு. வேலையில் மனசில்லை. நாளைக்கு மட்டம் போடுவாள்." அதற்கு அடியில், "புதன். வரவில்லை. நினைத்தது சரி." இன்னொரு பக்கத்தில், "கேன்டீனில் இரண்டு மைசூர்பாகு. ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. ஏதோ கொண்டாட்டம். மறுநாள் லீவு." இன்னொன்று, "சனி. பெருமாள் விரதமாம், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மத்தியானம் தலைவலியாம். பசிக்குப் பெயர் தலைவலி." அப்புறம் ஒன்று.  "நாளைக்கு வருவியா என்று கேட்டேன். பதில் வரவில்லை. மேஜையிலிருக்கிற பூதக்கண்ணாடியைக் காட்டி, 'அது... அந்த... டப்பா...' என்கிறாள். பொய் யோசிக்கிறாள்."

முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது. வலி மாத்திரை வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். நீ கேட்கும்போதெல்லாம் எடுத்துக் கொடுத்தேன், கொடுத்த கையோடு நோட்டிலும் எழுதினேன். "இந்த வாரம் நாலாவது." வலி பொய் என்று நினைத்துக்கொண்டே மாத்திரையை மட்டும் நிஜமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் திரும்பக் கேட்டார். நான் நோட்டைக் காட்டவில்லை, காட்டத் தேவையும் இருக்கவில்லை. "நம்ப முடியல சார்" என்றேன். இரண்டே வார்த்தை. இரண்டு நாளில் லிஸ்ட் ஒட்டினார்கள். உன் பெயர் இல்லை.

நீ என்ன செய்தாய் தெரியுமா? என்னிடம் வந்து எனக்கு ஆறுதல் சொன்னாய். "வுட்றி. இத்தினி லீவு எடுத்தா யாரு குடுப்பாங்க? நீ இன்னா பண்ணுவே பாவம்" என்றாய். நான் தலையை ஆட்டினேன்.  

அதற்கப்புறம் எனக்கு ஒரு வெறி வந்தது. நான் சொன்னது சரி என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீ பொய்க்காரி என்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் நான் சொன்ன இரண்டு வார்த்தையும் உண்மையாகிவிடும், ராத்திரி தூக்கம் வரும். அடுத்த தடவை நீ வராத அன்று, காலையில் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு, பத்து மணி டீயின்போது முடிவு செய்தேன். மேனேஜரிடம் போய்த் தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு கேட்டேன். ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தலை வலிக்கவே இல்லை. அப்படிச் சுலபமாக அவர் உன்னை ஒருநாளும் அனுப்பியதில்லை.

இரண்டு பஸ் மாறி அல்சூர் வந்தேன். வழியில் மல்லிகைச் சரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். சும்மா பார்க்க வந்த மாதிரி இருக்க வேண்டுமல்லவா? ஏரிக்கரைப் பக்கம் இருந்த உன் சந்துக்குள் நுழையும்போது, நீ வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியோடு கதை பேசிக்கொண்டிருப்பாய், என்னைப் பார்த்ததும் முகம் வெளுக்கும் என்றெல்லாம் நினைத்தபடி வந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் உன் தம்பி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு திறந்தான். உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய சேலையைச் சுருட்டி அடைத்திருந்தீர்கள். நீ வெறுந்தரையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பக்கத்தில் ஒரு வாளி. நான் வருவது தெரிந்து யாராவது போன் பண்ணிச் சொல்லி, இதையெல்லாம் அவசரமாகச் செய்துவிட்டார்களோ என்று அப்போதும் தோன்றியது. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், தோன்றியது. அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடவில்லை. பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தான் உன் தம்பி. "முள்ளு சத்தம் அக்காவுக்கு சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்குதாம்" என்று காதோரம் சொன்னான். முள் ஒன்பது இருபதில் நின்றிருந்தது. நான் அல்சூர் வரப்போகிறேன் என்று ஒன்பது இருபதுக்கு எனக்கே தெரியாது, பத்து மணிக்குத்தானே முடிவு செய்தேன்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு... பூ வச்சிகினு வந்தது? வெளிய வெச்சுட்டு வாடி." சரத்தை எடுத்து வாசலுக்கு வெளியே மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். "உன் மூஞ்சில பாதி தெரியலடி. அந்தப் பக்கம் ஒரே பல்லு பல்லா வெளிச்சம் ஓடுது" என்றாய். அப்புறம் வாளியை இழுத்துக்கொண்டாய். ஒரு மணி நேரம் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஏன் வந்தாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பொய் சொல்லியிருப்பேனோ தெரியாது.

என் சந்தேகம் அன்றைக்கு ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். இத்தனை வலிக்கிறது என்றால் மூளையில் கட்டியாக இருக்குமோ என்று அடுத்த பயம் பிடித்தது. உன்னை விட்டு வைக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "பேஜார் பண்ணாதடி, ஒத்தத் தலைவலிக்கு யாராவது இத்தினி பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?" என்று வழியெல்லாம் முனகினாய்.

டாக்டர் சின்ன வயசு அம்மா. கன்னடம் மட்டும் பேசினார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், முட்டியில் தட்டினார், நேராக நடக்கச் சொன்னார். எதற்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அடுத்த தடவை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி ஒன்றும் இல்லை, இது மைக்ரேன் என்றார். பிறகு உன்னைக் கேட்டார். எப்போது வருகிறது? வருவதற்கு முந்தின நாள் எப்படி இருக்கிறது? என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூங்கினாய், எத்தனை மாத்திரை போட்டாய்? நீ கையை விரித்தாய். "கொத்தில்ல டாக்டர், திடீர்னு வந்துடும்" என்று அரைக் கன்னடம் அரைத் தமிழில் சொன்னாய்.

நோட்டு என் பையில் இருந்தது. எடுத்தால் உனக்கு வைத்தியம் நடக்கும். எடுத்தால் நான் யார் என்று உனக்குத் தெரிந்துவிடும். டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். நான் நோட்டை எடுத்தேன். "இவ சொல்ல மாட்டா, நான் எழுதி வச்சிருக்கேன்" என்றேன். டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டார். உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நானே எழுதிய குற்றப்பத்திரிகையை, எனக்குத் தெரிந்த உடைந்த கன்னடத்தில் நானே வாசித்தேன். மட்டம், பொய், கொண்டாட்டம் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போனேன். 

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கொட்டாவியா? வலி தொடங்குவதற்கு ஒருநாள் முன்பே உடம்பு கொடுக்கிற தகவல் அது என்றார். தித்திப்பு தேடுவதும் அப்படித்தான், காரணமில்லாமல் பேச்சும் சிரிப்புமாக இருப்பதும் அப்படித்தான். வார்த்தை வராமல் திணறியது என்று படித்தபோது நிறுத்தச் சொன்னார். சிலருக்கு வலிக்கு முன்னால் பேச்சே கொஞ்ச நேரம் தவறிப் போகும், நல்லவேளை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டோம் என்றார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ வார்த்தை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், பொய் யோசிக்கிறாள் என்று எழுதிய கை என்னுடையது.

மாத்திரைக் கணக்கைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது. வாரத்தில் நாலு நாள் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். யார் இப்படி எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். நீ என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். பிறகு டாக்டர் என்னிடம், தன்னிடம் இதுவரை இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை, உங்களைப் போல ஒரு தோழி இவருக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய்.  டெய்ரி சர்க்கிள் தாண்டியதும், "படிக்கறப்போ உன் விரல் நாலு லைன் இறங்கும், வாய் ஒரு லைன்தான் சொல்லும். ஏண்டி?" என்றாய். நீயும் இன்ஸ்பெக்டர்தானே, எனக்கு அது மறந்துவிட்டது. "என் கிறுக்கல் எனக்கே புரியல" என்று பூசி மெழுகினேன். "ஆங், சரி" என்று வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாய். அந்த "சரி"யை அன்றிலிருந்து எத்தனை தடவை பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்திருப்பேன். இன்னும் பாஸ் போடவும் முடியவில்லை, ரிஜெக்ட் பண்ணவும் முடியவில்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வலி மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகமாக இருந்தது. நீ என்னையும் டாக்டரையும் சேர்த்துத் திட்டினாய். ராத்திரி படுக்கப்போகும்போது போட வேண்டிய மாத்திரை வேறு, வலி தொடங்கும்போது போடுவது வேறு. இரண்டாவதை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் தொடக்கூடாது. பெட்டிச் சாவியை உன் கண்ணெதிரே என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். பதினொரு மணிக்கு நீ ஒரு வாழைப்பழம் சாப்பிட மேனேஜரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். "பெருமாள் பால் பழத்துக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு" என்று சனிக்கிழமை விரதத்தைத் தளர்த்தினேன். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று உன்னைப் பந்தாடாமல் ஒரே ஷிஃப்டில் நிறுத்தினேன். துடிக்கிற அந்தப் பழைய வளைய விளக்கை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அதே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்று காலையில் போன் அடித்து உயிரை வாங்கினேன்.

சந்தேகப்படுவதற்கு இப்போது எனக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டேன், வேர்க்கடலைச் சட்னியை, உன் தலையணையை, ஏரிக்காற்றை, புதிதாக வந்த ஃப்ளோர் கிளீனரைச் சந்தேகப்பட்டேன். ஒரு நீண்ட பட்டியலோடு டாக்டரிடம் போனபோது அவர் சிரித்துவிட்டு, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் பிடியுங்கள், எல்லாவற்றையும் நிறுத்தினால் இவர் வாழ்வது எப்படி என்றார். நீ கைதட்டினாய். கத்தரிக்காய்க்கு விடுதலை கிடைத்தது.

நீ கொட்டாவி விட்டால் நான் இரண்டு மேஜை தள்ளி இருந்தாலும் எழுந்து வருவேன். "தண்ணி குடி. சாப்டியா? வெளிச்சம் ஏதாவது தெரியுதா?" எட்டு ஒன்பது நாளாக இருந்தது நாலாகி, அப்புறம் இரண்டாகி நின்றது. முழுசாகப் போகவில்லை. போகாது, அடக்கி வைத்து வாழப் பழகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அடுத்த லிஸ்ட் வந்தபோது நானாகவே மேனேஜர் அறைக்குப் போனேன். "அவளோட தலைவலி நிஜம் சார்" என்றேன். "ஹோத வருஷம் வேற மாதிரி சொன்னீங்களே நீங்க" என்று கன்னடமும் தமிழுமாகக் குழப்பிச் சிரித்தார். "போன வருஷம் நான் சரியாப் பாக்கல. தப்பு என்னுது" என்றேன். என் வேலையில் யாரும் வாயால் சொல்லாத வாக்கியம் அது. உன் பெயர் வந்தது. நீ செக்ஷன் முழுக்கப் பாதுஷா கொடுத்தாய். எல்லார் நடுவிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இவ இல்லாங்காட்டி எனக்கு ஏது பெர்மனென்ட்டு?" என்றாய். ஒரு வருஷம் முந்தியே உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை அது. நான் பாதுஷாவை வாங்கினேன். தின்றேன். நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வாயெடுப்பேன், நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். இன்றைக்கு வேண்டாம், நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். போன வருஷ மழையில் உனக்கு டெங்கு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். முகம் வாடியிருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் "வாம்மா லைன் லீடரு" என்றாய். உன் தம்பி காபி வாங்க வெளியே போனான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. அந்த மொத லிஸ்ட்டு இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

நீ கையை விடுவித்து என் வாய்க்கு நேராகத் தூக்கினாய். "ஐயோ, தல வலிக்குதுடி. இப்ப எதுவும் பேசாத" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் நிறுத்திவிட்டேன். உனக்குத் தலைவலி என்றால் வாயை மூடிக்கொள்ள அதற்குள் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. கொஞ்ச நேரம் உன் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நேரம் முடிந்ததாக நர்ஸ் சொன்னதும் எழுந்து வந்தேன். ஐந்து நாள் கழித்துத்தான் உன் தம்பியின் போன்.

டெங்குவில் தலைவலி வரும். நானே நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணுக்குப் பின்னால் பயங்கரமாக வலிக்கும் என்றார். அதை மறுக்க நான் யார்? ஆனால் நான் உன் தலைவலியை மூன்று வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள். உன் தலைக்கு மேலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா தலையில் மல்லிகை இருந்தது, முகத்தைச் சுளிக்கவில்லை. வராண்டாவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, காதைப் பொத்தவில்லை. நீ கண்ணை மூடியிருந்தாய். அவ்வளவுதான். மூடிய கண்ணோடு என் கையைத் தேடி, கீழே விட்ட அதே கையைத் திரும்ப எடுத்துப் பிடித்துக்கொண்டாய்.

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பஸ்ஸில் தெரிந்ததோ, அதற்கு முன்பே தெரிந்ததோ. நான் வாயால் சொல்லி உன் முன்னால் கூனிக் குறுக வேண்டாம் என்று, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, எனக்காகப் பொய்த் தலைவலி சொன்னாய் என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே உனக்கு வலித்திருந்தால், நான் சொல்ல வந்ததைக் கேட்காமலே நீ போய்விட்டாய். அப்படியென்றால் நான் கடைசிவரை உன்னை ஏமாற்றியவளாகவே இருப்பேன்.

உன் விஷயத்தில் நான் சந்தேகப்பட்டது எதுவும் சரியாக இருந்ததில்லை. இந்த ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.